கரைக்கு மதிலான நொச்சி

தமிழில் நொச்சி என்ற சொல் ஒரு செடியை மட்டும் குறித்து வழங்கியதன்று. மதில் என்றும் அதற்கு ஒரு பொருள் உண்டு. பகைவர் முற்றுகையிட்ட கோட்டையை உள்ளிருந்து காத்து நின்ற வீரர்கள் நொச்சிப் பூவைச் சூடினர் என்றும், அந்தக் காவற்போருக்கே நொச்சி என்பது பெயராயிற்று என்றும் புறப்பொருள் இலக்கணம் கூறுகின்றது. வெட்சி, வஞ்சி, உழிஞை, தும்பை எனப் போருக்குப் பூச்சூடிய மரபிலே, கவர்வதற்கும் தாக்குவதற்கும் அல்லாது காப்பதற்கென்று ஒதுக்கப்பட்ட பூக்களில் இதுவும் ஒன்றாகும்.

இன்று நம்மில் பெரும்பாலானோருக்கு நொச்சி என்பது தடிமனுக்கு வேது பிடிக்கும் பானைக்குள் போடப்படும் இலை மாத்திரமே. சந்தையில் ஒரு பிடி இலையாக அதைக் காண்கின்றோம். வீட்டில் அவித்துவிட்டு எறிந்து விடுகின்றோம். அந்த இலை எங்கிருந்து வந்தது, அது நின்ற இடத்தில் என்ன செய்துகொண்டிருந்தது என்ற வினா எழுவதில்லை. ஆற்றங்கரைகளும் குளத்தின் அலைகரைகளும் இயந்திரங்களால் வழித்துத் துடைக்கப்படும் இக்காலத்தில் அந்த வினாவுக்கு ஓர் அவசரம் வந்து சேர்ந்திருக்கின்றது. ஆகவே முதலில் செடியை அறிந்து கொள்வோம்.

நொச்சி ஒரு பெரும் செடி. வாய்ப்பான இடத்தில் சிறு மரமாகவும் வளரும். பொதுவாக ஆளுயரத்தைத் தாண்டி நிற்கும். வெட்டாது விட்டால் ஏழெட்டு மீற்றர் வரை உயர்வதும் உண்டு. அடியிலிருந்தே பல தண்டுகள் கிளைத்துப் பற்றையாக நிற்பது அதன் இயல்பு. பட்டை மெல்லியது, சாம்பல் நிறமுடையது. இளங்கொப்புகளை விரலால் உருட்டிப் பார்த்தால் அவை உருண்டையாக இல்லாது நான்கு பட்டைகளுடன் இருப்பது தெரியும். துளசித் தண்டிலும் இதே நாற்பட்டையைக் காணலாம். இது தற்செயலான ஒற்றுமையன்று. நீண்ட காலமாக வெர்பினேசி குடும்பத்தில் வைத்து எண்ணப்பட்ட நொச்சி, அண்மைக் காலத் தாவரவியல் வகைப்பாட்டில் துளசியின் குடும்பமாகிய லேமியேசிக்கு மாற்றப்பட்டுள்ளது. தேக்கும் அவ்வாறே மாற்றப்பட்டது. துளசி, கற்பூரவள்ளி, தேக்கு, நொச்சி ஆகிய நான்கும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்பது கேட்போருக்கு வியப்பளிக்கக்கூடும்.

இலைகள் தண்டிலே எதிரெதிராக, சோடி சோடியாக அமைந்திருக்கும். ஒவ்வோர் இலையும் விரித்த உள்ளங்கை போன்று ஒரே காம்பின் நுனியிலிருந்து மூன்று அல்லது ஐந்து சிற்றிலைகளாகப் பிரியும். ஒரே செடியில் மூன்றையும் ஐந்தையும் காணலாம் என்பதால் எண்ணிக்கையை வைத்து மயங்க வேண்டியதில்லை. நடுச்சிற்றிலையே மிக நீளமானது. நான்கு முதல் பத்துச் சென்ரிமீற்றர் வரை இருக்கும். அதற்கும் அதன் அருகிலுள்ளவற்றுக்கும் தெளிவான சிறு காம்பு உண்டு. சிற்றிலைகள் ஈட்டி முனை போன்று ஒடுங்கி நீண்டவை. விளிம்பு சில செடிகளில் வழுவழுப்பாகவும் சிலவற்றில் வாள்பல் போன்றும் இருக்கும். மேற்புறம் பச்சை, கீழ்ப்புறம் நுண்ணிய வெண்மயிர் படர்ந்து வெளிறியிருக்கும். காற்று வீசும்போது ஆற்றங்கரை நொச்சிப் பற்றை திடீரென வெள்ளி பூசியது போல் மாறுவதற்கு இந்தக் கீழ்ப்புறமே காரணம். கசக்கினால் எழும் காரமான மணத்தை ஒருமுறை முகர்ந்தவர் மறப்பதில்லை. ஆடு மாடுகள் இதனை விரும்பி மேய்வதில்லை என்பதையும் இங்கே குறித்துக் கொள்வோம். பின்னர் இது நமக்குத் தேவைப்படும்.

பூக்கள் கொப்பின் நுனியில் கூட்டுத் துணராக வரும். துணர் ஒரு சாண் நீளமும் அதற்கு மேலும் இருக்கும். தனிப்பூவோ மிகச் சிறியது. ஒரு சென்ரிமீற்றரைத் தாண்டாது. நிறம் இளநீலத்துக்கும் ஊதாவுக்கும் இடைப்பட்டது. ஐந்து இதழ்களும் அடியில் ஒட்டிக் குழலாகி, மேலே இரண்டு உதடுகளாகப் பிரிகின்றன. கீழுதட்டின் நடு இதழ் மற்றவற்றிலும் பெரியதாக, சற்றே மயிரடர்ந்து வெளியே நீண்டு நிற்கும். தேன் தேடி வரும் தேனீக்கு அது இறங்குதளம். நான்கு கேசரங்களில் இரண்டு நீண்டவை, இரண்டு குறுகியவை; அவை பூவுக்கு வெளியே நீட்டிக் கொண்டிருப்பதால் உள்ளே தலையை நுழைக்கும் பூச்சியின் முதுகில் மகரந்தம் தடவப்படுகின்றது. சீனாவின் வட பகுதியில் இந்த இனத்தின் ஒரு வகையிலிருந்து கிடைக்கும் தேன் பெயர் பெற்ற வணிகப் பொருளாகும். நம் நாட்டில் நொச்சித் தேன் என்று எவரும் போத்தலில் அடைத்து விற்று நாம் கண்டதில்லை.

மகரந்தம் சேர்ந்தபின் பூவின் வண்ணப் பகுதி முழுதாகக் கழன்று விழுந்துவிடும். கிண்ணம் போன்ற பச்சைப் புல்லி மாத்திரம் காயைத் தாங்கி நிற்கும். நீல மணி போன்ற அந்தப் பூ உதிரும் ஓசையைக் கூட, ஊர் உறங்கும் நள்ளிரவில் உறங்காதிருந்த ஒருத்தி கேட்டாள் எனக் கொல்லன் அழிசி என்னும் புலவர் குறுந்தொகையில் பாடியிருக்கின்றார். நொச்சி இலையை மயிலின் காலடிக்கு ஒப்பிட்டவரும் அவரே. மூன்று சிற்றிலை கொண்ட நொச்சி இலையை எடுத்து மணலில் வைத்துப் பார்ப்பவர், அந்த உவமை கற்பனையன்று, கண்ணால் கண்டு சொன்னது என்பதை ஒப்புக் கொள்வார். கனி மிளகளவானது, முற்றியதும் கறுக்கும். உள்ளே கடினமான ஓட்டுக்குள் விதைகள் இருக்கும்.

சுவீடன் நாட்டுத் தாவரவியலாளர் லின்னேயஸ் 1753 ஆம் ஆண்டில் இதற்கு விற்றெக்ஸ் நெகுண்டோ எனப் பெயரிட்டார். விற்றெக்ஸ் என்பது பின்னுதல் என்ற பொருளுடைய இலத்தீன் வேர்ச்சொல்லிலிருந்து வந்ததாகக் கொள்வர். வளையும் கொப்புகளால் கூடை முடைந்ததன் அடையாளம் அது. நெகுண்டோ என்பதோ நிர்குண்டி என்ற நம் பக்கத்துப் பெயரின் திரிபு. வட அமெரிக்காவில் வளரும் ஒரு மேப்பிள் மரத்தின் இலை நொச்சி இலையை ஒத்திருந்ததால் அதற்கும் நெகுண்டோ என்றே பெயர் வைத்துவிட்டனர். கீழைத்தேயப் பெயரொன்று அவ்வளவு தூரம் பயணம் செய்திருக்கின்றது. யுனானி மருத்துவத்தில் இது பஞ்சங்குஷ்த் எனப்படும். பாரசீகத்தில் ஐந்து விரல் என்பது அதன் பொருள். தமிழ்ப் புலவர் மயிலடியைக் கண்ட இடத்தில் பாரசீக ஹகீம் மனிதக் கையைக் கண்டிருக்கின்றார். சிங்களத்தில் இது நிக.

பெயரை வைத்துச் செடியை அடையாளம் காண்பதில் ஓர் ஆபத்தும் உண்டு. நொச்சி என்ற பெயருக்குள் பல செடிகள் நுழைந்து கொண்டுள்ளன. கடலோர மணலில் வளரும் ஒரு நொச்சிக்கு மூன்று சிற்றிலைகளே உண்டு. அவற்றுக்குக் காம்பு இராது. இதுவே அதை ஆற்றங்கரை நொச்சியிலிருந்து பிரித்தறியும் எளிய வழி. நீர்நொச்சி என்பது வெண்பூப் பூக்கும் பெருமரம். அதுவும் உலர் வலய ஆற்றங்கரைக்கு உரியதே. தளபாடத்துக்குப் பெயர் பெற்ற மில்ல மரமும் இதே இனக்கூட்டத்தைச் சேர்ந்தது. அதைத் தமிழில் மயிலை என்றும் மயிலடி என்றும் அழைப்பதில் மீண்டும் அந்த மயிலின் பாதம் தெரிகின்றது. இவை யாவும் உறவினர். கருநொச்சி என்ற பெயரில் தரப்படும் செடியோ பல இடங்களில் உறவே இல்லாதது. பிரியாத ஒற்றை இலையும் கருமை படர்ந்த தண்டும் கொண்ட அது ஆடாதோடையின் குடும்பத்தைச் சேர்ந்தது. மருந்துக்கெனத் தேடுவோர் பெயரைக் கேட்டு மாத்திரம் வாங்காது இலையைப் பார்த்து வாங்குவதே அறிவுடைமை.

நொச்சி வளரும் இடம் எதுவென்பதை அறியத் தாவரவியல் நூல்களைத்தான் புரட்ட வேண்டும் என்பதில்லை. நம் ஊர்ப் பெயர்களே சாட்சி சொல்கின்றன. மட்டக்களப்பில் நொச்சிமுனை, வவுனியாவில் நொச்சிமோட்டை, மன்னாரில் நொச்சிக்குளம். முனை என்பது நீருக்குள் நீண்ட நிலம். மோட்டை என்பது வன்னி வழக்கில் சிறு குளம். குளத்துக்கு விளக்கம் தேவையில்லை. மூன்று ஊர்களிலும் நொச்சியோடு நீர் ஒட்டிக் கொண்டிருப்பதைக் காண்க. அநுராதபுர மாவட்டத்தின் நொச்சியாகமவிலும் இதே ஒலி கேட்கின்றது. ஆற்றோரத்துக்குரிய மற்றொரு மரமாகிய மருதும் மருதமுனை, மருதங்கேணி, மருதோடை என ஊர்களுக்குப் பெயராகியிருக்கின்றது. ஊருக்குப் பெயரிட்ட முன்னோர் தம் கண்ணெதிரே எது செழித்து நின்றதோ அதைக் கொண்டே பெயரிட்டனர்.

மருந்துப் பயனைப் பற்றிச் சிறிது கூறியாக வேண்டும். ஏனெனில் செடியைப் பற்றிய பேச்சு எங்கு தொடங்கினாலும் அங்கேதான் போய் நிற்கின்றது. தடிமனுக்கும் தலைப்பாரத்துக்கும் வேது பிடித்தல், வீங்கிய மூட்டுக்கு இலையை வதக்கி ஒத்தடம் கொடுத்தல், பிள்ளைப்பேற்றின் பின் இலை அவித்த நீரில் தாயைக் குளிப்பாட்டுதல் என்பன தமிழர் வீடுகளிலும் முஸ்லிம் வீடுகளிலும் ஒரேவிதமாக அறியப்பட்டவை. பரியாரியாரும் ஹகீமும் வேறு வேறு நூல்களைப் படித்தாலும் இந்த இலைக்கு வந்தபோது ஒரே பற்றையடியில்தான் நின்றார்கள். கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2003 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வொன்று, முற்றிய பச்சை இலையின் நீர்ச்சாறு எலிகளில் வீக்கத்தையும் வலியையும் குறைத்ததாகக் காட்டியது. பிலிப்பைன்ஸ் நாடு இன்னும் ஒரு படி மேலே சென்றுவிட்டது. அங்கே லகுண்டி என வழங்கும் இதே செடி, அந்நாட்டுச் சுகாதாரத் திணைக்களம் பரிந்துரைத்த பத்து மூலிகைகளில் ஒன்றாகி, இருமலுக்குரிய மாத்திரையாகவும் பாணியாகவும் மருந்தகங்களில் விற்கப்படுகின்றது. எமது பாட்டிமாரின் பானைக்குள் இருந்ததை அவர்கள் ஆய்வுகூடத்துக்குக் கொண்டு சென்றனர். நாம் பானையோடு நின்றுவிட்டோம்.

ஆனால் இந்தப் பெருமிதத்துக்கு ஓர் எல்லை உண்டு. 2017 ஆம் ஆண்டில் இந்நாட்டில் 186,000 இற்கும் மேற்பட்டோர் டெங்குக் காய்ச்சலுக்கு ஆளாகினர்; 400 இற்கும் மேற்பட்டோர் இறந்தனர். அதன் பின்னரும் அந்நோய் ஆண்டுதோறும் வந்து கொண்டுதான் இருக்கின்றது. காய்ச்சல் கண்ட பிள்ளைக்கு வேது பிடித்துக் கொண்டு மூன்று நாட்களைக் கழிப்பது எந்த மரபுக்கும் செய்யும் மரியாதையன்று. டெங்கு வைரசை நொச்சி ஆவி எதுவும் செய்யாது. இரத்தப் பரிசோதனையும் வைத்தியசாலையுமே அங்கு வழி. கொதிக்கும் பானையருகே சிறு பிள்ளைகளை இருத்துவதில் வெந்துபோகும் ஆபத்தும் இருக்கின்றது.

நொச்சிப் புகையின் கதையும் இதையொத்ததே. மாலையில் காய்ந்த நொச்சி இலையைத் தணலில் இட்டுப் புகைப்பது நுளம்பை விரட்டும் வழியாக இருந்து வந்தது. அது மலேரியாக் காலத்துப் பழக்கம். மலேரியாவைப் பரப்பும் நுளம்பு இரவில் கடிப்பது. கோடையில் ஆறு வற்றும்போது மணலிடையே தேங்கும் குட்டைகளில் பெருகுவது. 1934, 1935 ஆம் ஆண்டுகளின் பெருங்கொள்ளை நோயில் தெதுறு ஓயா, மகா ஓயாப் படுகைகள் உட்பட நாடெங்கும் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டதற்கு அவ்வாறு வற்றிய ஆறுகளே வழி வகுத்தன. நுளம்பு ஆற்றுக் குட்டையில். அதை விரட்டும் இலை அதே ஆற்றின் கரையில். இயற்கை இரண்டையும் அருகருகே வைத்திருந்தது. 2016 செப்டெம்பரில் இலங்கை மலேரியா அற்ற நாடென உலக சுகாதார நிறுவனத்தால் அறிவிக்கப்பட்டது. இன்றைய எதிரி டெங்கு நுளம்பு. அது பகலில், பெரும்பாலும் காலையிலும் பொழுது சாய்வதற்கு முன்னரும் கடிப்பது. பூச்சாடியிலும் கைவிடப்பட்ட ரயரிலும் பெருகுவது. இரவு வேளைக்கான புகை அதற்கு அரணாகாது.

நெல்லையும் பயறையும் சேமிக்கும்போது உலர்ந்த நொச்சி இலையை இடையிடையே போட்டு வண்டை விலக்கும் வழக்கம் பற்றியும் விரிவாக எழுதலாம். எனினும் நாம் கரைக்குத் திரும்ப வேண்டியிருக்கின்றது.

ஆற்றங்கரை என்பது செடிகளுக்கு எளிதான இடமன்று. மாரியில் வெள்ளம் மோதும், மண் அரிக்கும், வாரக்கணக்கில் அடி நீருக்குள் நிற்கும். கோடையில் அதே இடம் காய்ந்து வெடிக்கும். இரண்டையும் தாங்குவதற்கு நொச்சியிடம் நான்கு இயல்புகள் உள்ளன. அதன் கொப்பு முறுகி நிற்பதில்லை, வளைகின்றது. வெள்ளத்தின் வேகம் பற்றையினூடாகச் சிதறிக் குறைகின்றது. வேகம் குறைந்த இடத்தில் நீர் தான் சுமந்து வந்த வண்டலைக் கீழே இறக்கி வைக்கின்றது. இரண்டாவது, அடிவரை வெட்டப்பட்டாலும் முறிக்கப்பட்டாலும் அது கட்டையிலிருந்து மீண்டும் தளிர்க்கின்றது. முறிந்து ஈரமண்ணில் புதைந்த கொப்பும் வேர்விடுகின்றது. மூன்றாவது, அடியிலிருந்து பல தண்டுகளாகப் பரவுவதால் மேல் மண்ணை வேர்கள் வலைபோற் பின்னிப் பிடிக்கின்றன. நான்காவது நாம் முன்னர் குறித்து வைத்தது: கால்நடைகள் அதை மேய்வதில்லை. ஆற்றுக்கு நீர் அருந்த வரும் மாடுகள் கரையிலுள்ள இளம் மரக்கன்றுகள் அனைத்தையும் தின்று தீர்த்தாலும் நொச்சி எஞ்சி நிற்கும். அதன் நிழலில் மருதங்கன்று ஒன்று தப்பிப் பிழைக்கவும் கூடும். யாழ்ப்பாணத்து வேலிகளில் கிளுவைக்கும் பூவரசுக்கும் இடையே ஆடாதோடையும் நொச்சியும் இடம்பிடித்தது இக்காரணத்தினாலேயே. அந்த வேலிகள் இருந்த இடத்தில் இன்று கொங்கிரீட் மதில்கள் எழுந்துவிட்டன. மதில் என்ற பொருளுடைய செடியைப் பிடுங்கி எறிந்துவிட்டு மதில் கட்டியிருக்கின்றோம்.

நொச்சி தனித்து நின்று இவ்வளவையும் சாதித்துவிடும் என்று கூறினால் அது மிகையாகும். பெருங்கரையை ஆழமாகப் பிடித்து நிறுத்துவது மருதின் வேர். நீர் விளிம்பில் நாணலும் கோரையும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட சரிவே நொச்சிக்குரிய இடம். மூன்று அடுக்குகளில் நடுவடுக்கு அது. நடுவடுக்குப் போனால் மேலடுக்கு மரத்தின் வேர் வெளியே தெரியத் தொடங்கும். சில மாரிகளில் மரமும் ஆற்றில் சாயும். கரையோர வயற்காரர் இதைக் கண்ணால் கண்டிருப்பர்.

இந்த நடுவடுக்கைத்தான் நாம் இழந்து வருகின்றோம். 2004 ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின்னரான மீள்கட்டுமானமும், 2009 இல் போர் முடிந்த பின்னரான வீதி, வீடமைப்பு வேலைகளும் ஆற்று மணலுக்கான தேவையைப் பன்மடங்காக்கின. வீடிழந்தோருக்கு வீடு வேண்டும். வீட்டுக்கு மணல் வேண்டும். இதில் எவரையும் குறை கூறுவதற்கில்லை. 1992 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்க சுரங்கங்கள், கனியங்கள் சட்டத்தின் கீழ் மணல் அகழ்வுக்கு அனுமதிப்பத்திரம் பெற வேண்டும். ஆனால் அனுமதிப்பத்திரத்தில் இருப்பது மணல். மணலை எடுக்க டிப்பரும் பெக்கோ இயந்திரமும் இறங்க வேண்டிய வழியோ கரை. ஒவ்வோர் இறங்குவழிக்கும் ஒரு துண்டுக் கரை வெட்டிச் சரிக்கப்படுகின்றது. முதலில் போவது பற்றைதான்; ஏனெனில் அது மரமன்று. மருதை வெட்டினால் கேள்வி கேட்பதற்குச் சட்டமும் உத்தியோகத்தரும் உண்டு. பற்றையைத் துப்புரவு செய்ததற்காக எவர் எவரிடம் கேள்வி கேட்பது? ஆற்றுப்படுக்கை தாழ்ந்து அயற் கிணறுகளின் நீர்மட்டம் இறங்கிய பின்னரே ஊர் விழித்துக் கொள்கின்றது. முகத்துவாரத்துக்கு அண்மிய இடங்களில் உவர்நீரும் உள்ளே ஏறிவிடுகின்றது.

வெற்றிடமாகிய கரை வெற்றிடமாகவே இருப்பதும் இல்லை. வெப்பமண்டல அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட இராட்சதத் தொட்டாற்சுருங்கி என்ற முட்செடி 1990 களின் பிற்பகுதியில் கண்டிப் பகுதி மகாவலிக் கரையில் இனங்காணப்பட்டது. இதுவும் ஆற்றோரப் பூச்செடிதான். இளஞ்சிவப்புப் பஞ்சுருண்டை போன்ற அதன் பூ பார்ப்பதற்கு அழகானதுங்கூட. ஆனால் நொச்சிக்கு நேர் எதிரான குணமுடையது. அதன் காய் முற்றியதும் ஒற்றை விதைத் துண்டுகளாக உடையும். ஒவ்வொரு துண்டிலும் சுணை உண்டு. அவை மிதந்து ஆற்றோடு கீழே செல்லும். மாட்டின் தோலிலும் துணியிலும் ஒட்டும். அகழ்ந்த மணலோடு டிப்பரில் ஏறி இன்னொரு மாவட்டத்துக்கும் போகும். விதைகள் மண்ணுக்குள் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும். அது வேரூன்றுவதற்கு வேண்டியது ஒன்றேதான்: வெயில் படும் வெறும் ஈரமண். பெக்கோ இயந்திரம் விட்டுச் செல்வதும் அதையேதான். அந்த முட்காடு எழுந்துவிட்டால் ஆற்றுக்கு இறங்க மனிதருக்கும் வழியில்லை, மாட்டுக்கும் வழியில்லை.

குளங்களின் நிலைமையில் ஒரு நுட்பம் இருக்கின்றது. குளக்கட்டின் மீது மரஞ்செடிகள் வளரக்கூடாது என்பது பொறியியலாளரின் சரியான கட்டளை. வேர் சென்ற வழியே நீர் கசிந்து கட்டு உடையும் ஆபத்து உண்டு. ஆகவே கட்டைத் துப்புரவு செய்வதில் தவறில்லை. கட்டோடு நிறுத்தாது, அலைகரையையும் கட்டுக்கும் வயலுக்கும் இடையிலுள்ள ஈரப் பற்றைக்காட்டையும் சேர்த்து வழித்து விடுவதே தவறு. அலைகரைப் பற்றை, மழைநீர் குளத்துக்குள் சுமந்து வரும் மண்ணை வடிக்கின்றது. கட்டின் கீழுள்ள பற்றைக்காடு கசிநீரின் உப்பைத் தடுத்து வயலைக் காக்கின்றது. எமது உலர் வலயத்தின் தொடர்குள முறைமையை ஐக்கிய நாடுகளின் உணவு, விவசாய நிறுவனம் 2017 ஆம் ஆண்டில் உலக முக்கியத்துவம் வாய்ந்த வேளாண் மரபுரிமையாக ஏற்றது. அந்த மரபுரிமை என்பது கட்டும் துருசும் வானும் மாத்திரமல்ல. இந்தப் பற்றைகளும் அதன் உறுப்புகளே. புனரமைப்பு மதிப்பீட்டுப் பத்திரங்களில் கட்டுக்கு எத்தனை கன மீற்றர் மண் என்பதற்கு ஒரு நிரல் உண்டு. அலைகரைக்கு எத்தனை நொச்சிக் கன்று என்பதற்கும் ஒரு நிரல் வேண்டும்.

2025 நவம்பர் இறுதியில் நூற்றுக்கணக்கான உயிர்களைப் பறித்த டித்வா சூறாவளியின் வெள்ளத்தை எந்தப் பற்றையும் தடுத்திருக்காது. அவ்வாறு கூறுவது இறந்தோரை அவமதிப்பதாகும். மலைச்சரிவே பெயர்ந்து வந்த வேளையில் கரையோரச் செடி என்ன செய்யும்? அதன் பணி வேறு. ஆண்டுக்கு ஒருமுறை வந்து அரை முழம் கரையை அரித்துச் செல்லும் சாதாரண மாரி வெள்ளமே அதன் எதிரி. அந்த அரை முழங்கள் பல ஆண்டுகள் சேர்ந்துதான் பேரிடர் வரும் நாளில் ஆற்றுக்கும் வீட்டுக்கும் இடையில் எவ்வளவு நிலம் எஞ்சியிருக்கின்றது என்பதைத் தீர்மானிக்கின்றன.

வெள்ளத்தால் சிதைந்த கரைகளுக்குக் கல்லணையும் கொங்கிரீட்டும் இடுவதற்கான திட்டங்கள் பல மட்டங்களில் பேசப்படுகின்றன. பாலத்தின் அடியிலும் வீதியோரத்திலும் கல்லணை தவிர்க்க முடியாதது. ஏனைய இடங்களில் முதலில் முயன்று பார்க்க வேண்டியது இதைவிட மலிவானது. பெருவிரல் பருமனுள்ள முற்றிய நொச்சிக் கொப்புகளை இரண்டடி நீளத்துக்கு வெட்டி, இலையை உருவி, அடியும் நுனியும் மாறிவிடாது பார்த்து, மூன்றில் இரண்டு பங்கு மண்ணுக்குள் இருக்குமாறு சரிவிலே சாய்த்து ஊன்றினால் போதும். சாதாரண நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, முழத்துக்கு ஒன்றாக, முன்வரிசையின் இடைவெளியில் பின்வரிசை வரும்படி நட வேண்டும். வடகீழ்ப் பருவமழை பிடிப்பதற்கு முன்னர், புரட்டாதி இறுதி முதல் ஐப்பசி தொடக்கம் வரையான நாட்களே இதற்கு உகந்தவை. முதல் மழையில் வேர்விட்டு, பெருவெள்ளம் வருமுன் பிடித்துக் கொள்ளும். கமக்காரர் அமைப்பும் பள்ளிவாசல் நிர்வாகமும் ஆலய பரிபாலன சபையும் மனம் வைத்தால் ஒரு சிரமதான நாளில் நூறு மீற்றர் கரைக்கு நட்டுவிடலாம். கொப்பு வெட்டுவதற்கும் தூரம் போக வேண்டியதில்லை. இயந்திரம் இன்னும் எட்டாத அடுத்த வளைவில் தாய்ச்செடி நிற்கும்.